கேம்பர் வேனில் அடுப்பை மட்டம் பிடிப்பது எப்படி?

வீட்டு அடுப்படியில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. மேடை போட்ட கொத்தனார் ரசமட்டம் (குமிழியால் மட்டம் காட்டும் கருவி) வைத்துப் பார்த்துவிட்டுப் போயிருப்பார், மேடையும் போட்ட இடத்திலேயே இருக்கும். படுக்கையும் அடுப்படியும் வைத்து உள்ளேயே தங்கும்படி அமைத்த கேம்பர் வேனில் அடுப்படியே ஊர் சுற்றுகிறது. நேற்று ஏலகிரியில் இடப்பக்கம் சரிந்து நின்ற வண்டி இன்று வால்பாறையில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். தோசைக்கல்லில் ஊற்றிய மாவு வட்டமாக நிற்காமல் ஒரு பக்கம் நீண்டுபோகும், எண்ணெய் ஓர் ஓரத்தில் குளம் கட்டும், பால் எப்போதும் ஒரே பக்கமாகப் பொங்கி வழியும்.

1 டிகிரி சாய்வு என்றால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 17.5 மி.மீ. ஏற்றத்தாழ்வு. 28 செ.மீ. தோசைக்கல்லில் அது ஒரு விளிம்புக்கும் எதிர் விளிம்புக்கும் இடையே ஏறத்தாழ 5 மி.மீ. நாம் ஊற்றும் தோசையின் கனமே 2 மி.மீ. அளவுதான் என்பதால் மாவு ஓடுவதில் வியப்பில்லை. தோசை, ஆம்லெட், அடை சுட அரை டிகிரிக்குள் மட்டம் வேண்டும். சோறு, குழம்பு, கூட்டுக்கு 1 டிகிரி போதும். 2 டிகிரியில் சமாளிக்கலாம். 3 டிகிரியைத் தாண்டிவிட்டால் அடுப்பைப் பற்ற வைக்காமல் வண்டிக்கு வேறு இடம் பாருங்கள்.

குழிந்த அடியுள்ள இரும்புச்சட்டி மட்டும் இதில் விதிவிலக்கு. சட்டி சாய்ந்தாலும் உள்ளே இருப்பது குழிக்குத்தானே வந்து சேரும்! மட்டம் சரியாக அமையாத இரவில் உப்புமாவோ புளிக்குழம்போ சட்டியில் வைத்துவிட்டு, தோசையை மறுநாளுக்குத் தள்ளுங்கள். ஆனால் சாய்வில் வடை, பஜ்ஜி என்று எண்ணெய் நிறைய வைத்துப் பொரிக்கவே கூடாது.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைச் செய்கிறார்கள். வண்டி சாய்ந்து நிற்கும்போது அடுப்புக்கு அடியில் அட்டை, வாஷர், மடித்த துணி என்று எதையாவது கொடுத்து நிமிர்த்திவிடுகிறார்கள். மறுநாள் வேறு இடத்தில் எதிர்ப்பக்கம் வாட்டம் இருந்தால் அந்த அட்டையே சாய்வை இரட்டிப்பாக்கும். பெரிய சாய்வை வண்டியின் சக்கரத்தில் தீர்க்க வேண்டும், மிச்சம் இருக்கும் சின்னச் சாய்வை மட்டும் அடுப்புக் காலில் தீர்க்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த வரிசையில்தான் போகும்.

பயணத்துக்கு முன்: பூஜ்யம் எங்கே என்று முடிவு செய்தல்

வண்டியின் தரை மட்டமாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். காலி வேனின் பின்பக்கம் பொதுவாகச் சற்றுத் தூக்கி இருக்கும். சுமை ஏறினால் தாழட்டும் என்று பின் ஸ்பிரிங் பட்டைகளை அப்படித்தான் அமைக்கிறார்கள். பட்டறையில் காலி வண்டியில் ரசமட்டம் வைத்து அடுப்பு மேடையைப் பொருத்திவிட்டு, பிறகு 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, படுக்கை எல்லாம் ஏற்றினால் அந்த மட்டம் போய்விடும். அதனால் மட்டம் பார்க்கிற அன்று வண்டி பயணத்துக்குத் தயாரான நிலையில் இருக்க வேண்டும்: தண்ணீர் முக்கால் தொட்டி, சிலிண்டர் அதன் இடத்தில், சாமான்கள் அலமாரியில், நான்கு டயரிலும் சரியான காற்று. ஒரு டயரில் காற்று குறைந்திருந்தாலே வண்டி அந்த மூலைக்குச் சாயும், காரணம் தெரியாமல் நீங்கள் சக்கரத்துக்கு அடியில் வைக்கக் கட்டையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ரசமட்டத்தையே முதலில் சோதியுங்கள். 60 செ.மீ. நீளமுள்ளது வசதி. ஓரிடத்தில் வைத்துக் குமிழி எந்தப் பக்கம் எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்த்துவிட்டு, மட்டத்தை அப்படியே முனை மாற்றித் திருப்பி அதே இடத்தில் வையுங்கள். குமிழி அறையின் அதே பக்கத்தில் அதே அளவு விலகி நின்றால் மட்டம் நல்லது. மட்டத்தோடு சேர்ந்து குமிழியும் பக்கம் மாறினால் அந்த மட்டத்தைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். கைப்பேசிச் செயலியும் உதவும், ஆனால் பின்பக்கம் கேமரா புடைத்திருக்கும் போனை மல்லாக்கப் படுக்க வைத்தால் தப்பாகவே காட்டும். நீளவாட்டு விளிம்பில் நிறுத்தி அளக்க வேண்டும்.

எதன் மேல் வைத்து அளப்பது? மேடையும் அடுப்பின் கண்ணாடியும் வேண்டாம். பாத்திரம் உட்காருகிற கம்பி ஸ்டாண்டின் மேல் வைத்து அளக்க வேண்டும், ஏனென்றால் சமையல் நடப்பது அங்கேதான். இரண்டு பர்னர் அடுப்பு என்றால் 60 செ.மீ. மட்டம் இரண்டு ஸ்டாண்டின் மேலும் நீளவாட்டில் உட்காரும். குறுக்குவாட்டுக்கு ஒரு ஸ்டாண்டின் மேல் கோணாத 30 செ.மீ. சதுரப் பலகையை வைத்து அதன் மேல் அளக்கலாம். ஸ்டாண்டின் கால்களில் ஒன்று வளைந்திருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். அதைக் கையால் நிமிர்த்திப் பார்க்க வேண்டாம், புது ஸ்டாண்டு மாற்றிவிடுங்கள்.

அடுப்புக் கால்களைத் திருகி (எப்படி என்பது கீழே வரும்) ஸ்டாண்டு மட்டமானதும் டாஷ்போர்டில் இரண்டு சின்னக் குமிழி மட்டங்களை ஒட்டுங்கள். ஒன்று இடம் வலமாக, மற்றொன்று முன் பின்னாக. இரண்டையும் ஒட்டும்போது அடுப்பு ஸ்டாண்டு மட்டமாக இருக்கிற நேரத்தில் குமிழி நடுவில் நிற்குமாறு ஒட்ட வேண்டும். டாஷ்போர்டு கோணலாக இருந்தால் அடியில் இரட்டைப்பக்க டேப் இன்னொரு மடிப்பு கொடுங்கள். இனிமேல் ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே அடுப்பு எப்படி நிற்கிறது என்று தெரியும்.

நிறுத்துமிடத்தில்: எவ்வளவு தூக்குவது

வந்தவுடன் எஞ்சினை அணைத்துவிடாமல் ஒருவர் இறங்கி இடத்தைச் சுற்றிப் பாருங்கள். காய்ந்த மழைநீர் விட்டுச்சென்ற தடம் வாட்டத்தின் திசையைச் சொல்லும். சாலையோரம் என்றால் யோசிக்கவே வேண்டியதில்லை. தண்ணீர் வழிய நம் தார்ச்சாலைகளுக்கு நடுவிலிருந்து இரு ஓரமும் 2 முதல் 2.5 சதவீதம் வாட்டம் கொடுப்பார்கள், அதுவே ஒன்றேகால் டிகிரி அளவுக்கு வந்துவிடும். மண் ஓரத்தில் இன்னும் கூடும். இடப்பக்கம் போகும் நாட்டில் இடது சக்கரங்கள் எப்போதும் தாழ்ந்தே நிற்கும்.

வாட்டத்துக்குக் குறுக்காக வண்டியை நிறுத்த முடிந்தால் கட்டை மிச்சம். 1 டிகிரியைச் சரிசெய்ய, 1.6 மீட்டர் அகலச் சக்கரத்தடத்தில் (இடது வலது சக்கரங்களின் இடைவெளி) ஒரு பக்கத்தை 28 மி.மீ. தூக்கினால் போதும். அதே 1 டிகிரி நீளவாட்டில் இருந்தால், முன் பின் அச்சு இடைவெளி 3350 மி.மீ. உள்ள டிராவலர் வேனுக்கு 58 மி.மீ. வேண்டும்.

எத்தனை கட்டை என்பதை ஊகிக்காமல் அளந்துவிடலாம். ரசமட்டத்தை வண்டியின் அகலவாட்டில் வைத்து, தாழ்ந்த முனைக்கு அடியில் ஏதாவது கொடுத்துக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அந்த இடைவெளியை ஸ்கேலால் அளங்கள். 60 செ.மீ. மட்டத்தில் 12 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தடம் 160 செ.மீ. ஆகவே 160-ஐ 60-ஆல் வகுத்து 12-ஆல் பெருக்கினால் 32 மி.மீ. இடது சக்கரங்கள் தாழ்ந்திருப்பது அவ்வளவு. அதேபோல நீளவாட்டில் முன்பக்கம் 8 மி.மீ. தாழ்ந்திருந்தால் 335-ஐ 60-ஆல் வகுத்து 8-ஆல் பெருக்க 45 மி.மீ. வரும்.

இரண்டு சாய்வும் சேர்ந்திருக்கும்போது ஒவ்வொரு சக்கரத்துக்கும் உயரம் வேறு. வலது பின்சக்கரம்தான் உயரத்தில் நிற்கிறது, அதற்கு ஒன்றும் வேண்டாம். இடது பின்சக்கரத்துக்கு 32, வலது முன்சக்கரத்துக்கு 45, இரண்டும் சேர்ந்து தாழ்ந்த இடது முன்சக்கரத்துக்கு 77. சரியா என்று பார்க்க ஒரு கணக்கு உண்டு: எதிரெதிர் மூலைகளின் கூட்டுத்தொகை சமமாக வர வேண்டும். 77-ம் 0-வும் 77, 32-ம் 45-ம் 77. சமமாக வராவிட்டால் வண்டியின் அடிச்சட்டம் முறுக்கிக்கொண்டு நிற்கும், ஒரு சக்கரம் பாரம் வாங்காமல் தொங்கும். பக்கக் கதவு திடீரென்று இறுகித் திறக்க மறுத்தால் இந்த முறுக்கலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கையில் இருப்பது 25 மி.மீ. பலகைகள் என்றால் இடது முன்சக்கரத்துக்கு மூன்று, வலது முன்சக்கரத்துக்கு இரண்டு, இடது பின்சக்கரத்துக்கு ஒன்று. 75, 50, 25, 0. மூலைக் கூட்டுத்தொகை இப்போதும் சமம். அகலவாட்டில் 7 மி.மீ. மிச்சம் நிற்கிறது, அதாவது கால் டிகிரி. நீளவாட்டில் 5 மி.மீ. கூடிவிட்டது, அது 0.1 டிகிரிகூட இல்லை. இந்த மிச்சத்தை அடுப்புக் கால் பார்த்துக்கொள்ளும்.

கட்டைகளும் ஏற்றும் முறையும்

கட்டடச் சென்ட்ரிங் வேலைக்கு வரும் 12 மி.மீ. பிளைவுட்டை இரண்டிரண்டாகச் சேர்த்து ஸ்குரூ போட்டால் ஏறத்தாழ 25 மி.மீ. பலகை ஆயிற்று. ஸ்குரூ தலைகள் மரத்துக்குள் அமிழ்ந்திருக்கட்டும். அகலம் டயரைவிட 5 செ.மீ. கூடுதலாக வையுங்கள். பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டி என்றால் இரண்டு டயரும் சேர்ந்து ஏறும் அகலம் வேண்டும். ஒன்று மட்டும் ஏறினால் மொத்தப் பாரமும் அந்த ஒரே டயரில் இறங்கும். நீளம் 75, 55, 35 செ.மீ. என்று மூன்று அளவில் வெட்டி, முன் முனைகள் ஒன்றாக இருக்கும்படி அடுக்கினால் பின்பக்கம் 20 செ.மீ. படிகளாக அமையும். மேல் பலகையின் முன் முனையில் 5 செ.மீ. உயரத்துக்கு ஒரு தடுப்புக் கட்டையைப் பொருத்திவிட்டால் சக்கரம் தாண்டிப் போகாது.

செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் கையில் கிடைக்கிறதே என்று வைத்துவிடாதீர்கள். சுமையேற்றிய வேனில் ஒரு பின்சக்கரத்தின் பாரம் ஒரு டன்னை ஒட்டி இருக்கும், செங்கல் அதைத் தாங்கிக்கொண்டு சில மணி நேரம் நின்றுவிட்டு நள்ளிரவில் பிளக்கும். ஜாக்கியால் தூக்கி அப்படியே விட்டுவிட்டு உள்ளே சமைப்பது அதைவிட மோசம். ஜாக்கி டயர் மாற்றுவதற்கு உள்ள கருவி.

பலகைகளை மூன்று சக்கரங்களுக்கும் முன்னால் வைக்கும்போது மேல் பலகையின் நடு, அந்தந்தச் சக்கரத்தின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். 90 செ.மீ. சரியான அளவு. அப்போதுதான் மூன்று சக்கரங்களும் ஒரே நேரத்தில் உச்சியில் வந்து நிற்கும். முதல் கியரில், கிளட்ச்சைப் பாதி விட்டு, மெதுவாக ஏற்றுங்கள். கீழே நின்று வழி சொல்பவர் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியும்படி பக்கவாட்டில் நிற்க வேண்டும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ ஒருவரும் நிற்கக் கூடாது, குறிப்பாகக் குழந்தைகள்.

ஏறி நின்றதும் ஹேண்ட் பிரேக். வண்டி மேடு நோக்கி நின்றால் முதல் கியர், பள்ளம் நோக்கி நின்றால் ரிவர்ஸ் கியர். பிறகு தரையில் நிற்கும் சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள், பலகையில் ஏறியவற்றுக்குப் பின்னாலும் கொடுங்கள். ஈரமண் என்றால் அடியில் இன்னும் அகலமான பலகை ஒன்று போட வேண்டும். இல்லாவிட்டால் இரவு மழைக்குப் பிறகு காலைக் காபி சாய்ந்த அடுப்பில்தான்.

உடனே அளக்காதீர்கள். ஸ்பிரிங் பட்டைகள் அமர ஐந்து நிமிடம் விடுங்கள், எல்லோரும் உள்ளே வந்து வழக்கமான இடத்தில் உட்காரட்டும். எதிர்ப் படுக்கையில் ஒருவர் உட்காரும்போது குமிழி நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதற்குப் பிறகு ஸ்டாண்டின் மேல் ரசமட்டத்தை வையுங்கள்.

அடுப்புக் காலில் மிச்சத்தைத் தீர்த்தல்

கடையில் வாங்கிய அடுப்பின் ரப்பர் புஷ் வேனுக்குப் போதாது. உயரம் மாறாது, சூட்டில் இளகும், நிறைந்த குக்கரின் கனத்தில் அமுங்கும். அதற்குப் பதில் வாஷிங் மெஷின் காலில் இருப்பது போன்ற திருகும் கால்கள் வேண்டும். அடுப்பின் தகட்டிலேயே துளை போடாமல், 3 மி.மீ. அலுமினியத் தகட்டில் ஒரு தட்டு செய்து அடுப்பை அதன் மேல் பொருத்துங்கள். தட்டின் நான்கு மூலையிலும் எம்8 (8 மி.மீ. தடிமன்) போல்ட், ஒவ்வொன்றுக்கும் அது தானாகத் திரும்பாமல் பிடிக்கும் லாக் நட். எம்8 போல்ட்டின் புரி இடைவெளி 1.25 மி.மீ., ஆகவே ஒரு முழுச் சுற்றுக்கு அவ்வளவு உயரும். கால்களுக்கு இடையே நீளவாட்டில் 56 செ.மீ., குறுக்கில் 30 செ.மீ. இருந்தால் ஒரு சுற்று நீளவாட்டில் 0.13 டிகிரியும் குறுக்கில் 0.24 டிகிரியும் மாற்றும்.

இங்கே பலர் குழம்பும் ஓர் இடம் உண்டு. அடுப்பு மேடை வண்டியின் பக்கச் சுவரை ஒட்டி இருந்தால், அடுப்பின் இடம் வலம் என்பது வண்டியின் முன் பின். மேலே பார்த்த கணக்கில் வண்டி இடப்பக்கம் கால் டிகிரி தாழ்ந்து நிற்கிறது. மேடை வலச் சுவரில் இருந்தால் அது அடுப்புக்கு முன்பக்கத் தாழ்வு. முன்கால் இரண்டையும் ஒரு சுற்று உயர்த்தினால் முடிந்தது. போல்ட்டைத் தொடுமுன் சாய்வு எந்தச் சுவர் பக்கம் என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

நான்கு காலையும் ஒரே நேரத்தில் திருகினால் விடிந்துவிடும். ஒரு காலை மேலே தூக்கிவிட்டு மற்ற மூன்றில் மட்டம் பிடியுங்கள். முக்காலி ஆடாது அல்லவா? மட்டம் வந்த பிறகு நான்காவது காலை விரலால் திருகி மேடையைத் தொடும் வரை இறக்கி, எல்லா லாக் நட்டையும் இறுக்குங்கள். நான்காவதை ஸ்பானர் போட்டு இறுக்கினால் தட்டு வளைந்து மட்டம் மறுபடி கெடும். காலில் தீர்க்கும் சாய்வு 2 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் என்றால் திரும்பவும் சக்கரத்துக்குப் போங்கள்.

படகுகளில் இருப்பது போல அடுப்பைத் தொங்கவிட்டுத் தானாக மட்டம் நிற்கச் செய்யலாமே என்று சிலர் கேட்பார்கள். அது அலையில் ஆடிக்கொண்டே சமைப்பவர்களுக்கு. நிற்கும் வேனில் தொங்கும் அடுப்பின் ஒரு பர்னரில் பெரிய பாத்திரம் வைத்தால் அந்தப் பக்கம் சாயும், கேஸ் டியூபும் ஓயாமல் வளைந்து நிமிரும்.

கடைசிச் சோதனை தோசைக்கல்லில். அடுப்பைப் பற்ற வைக்காமல் கல்லின் நடுவில் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு பக்கம் ஓடினால் கல்லை அரைவட்டம் திருப்பி மறுபடி ஊற்றுங்கள். தண்ணீர் வண்டியின் அதே பக்கம் ஓடினால் அடுப்பு சாய்ந்திருக்கிறது. கல்லோடு சேர்ந்து திசை மாறினால் கோணல் கல்லில்தான், நீங்கள் அடுப்பை எத்தனை திருகினாலும் தீராது.

கேஸ் பக்கம்

அடுப்பை உயர்த்தித் தாழ்த்தும்போது டியூப் இழுபடக் கூடாது, 15 செ.மீ. தளர்வு இருக்கட்டும். கால் திருகிய ஒவ்வொரு முறையும் டியூப் மாட்டிய இரு முனையிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா பாருங்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை டியூபை மாற்ற வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்து, அடுப்புக்குக் கீழான மட்டத்தில், கட்டப்பட்டு நிற்க வேண்டும். ஓரிரு டிகிரி சாய்வு சிலிண்டரை ஒன்றும் செய்யாது. படுக்க வைத்தால் திரவ கேஸ் ரெகுலேட்டருக்குள் வந்துவிடும். வீட்டு இணைப்பின் 14.2 கிலோ சிலிண்டரைத் தூக்கி வராமல், இணைப்பு இல்லாமலே விற்கும் 5 கிலோ சிலிண்டரை வாங்குங்கள்.

டப்பா போன்ற பியூட்டேன் கேட்ரிட்ஜ் மாட்டும் சின்ன அடுப்பில் சாய்வு இன்னும் விளையாடும். கேட்ரிட்ஜ் படுத்த நிலையில் இருப்பதால் அதன் விளிம்பிலுள்ள வெட்டு மேல்பக்கம் பார்த்தே மாட்ட வேண்டும். வால்வு முனை தாழ்ந்து சாய்ந்தால் ஆவிக்குப் பதில் திரவம் பர்னருக்குப் போய், மஞ்சள் தீ முழ உயரத்துக்கு எழும். கேஸில் ஓடும் பிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கும் மட்டம் முக்கியம். சாய்வில் ஓடினால் அதன் குழாய்களில் அம்மோனியாக் கரைசல் ஓட்டம் தடைப்பட்டுக் கெடும். 12 வோல்ட் கம்ப்ரஸர் பிரிட்ஜுக்கு அந்தக் கவலை இல்லை.

சமைக்கும்போது கதவும் ஒரு ஜன்னலும் திறந்தே இருக்க வேண்டும். கசியும் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும், எனவே சிலிண்டர் பக்கம் தரையை ஒட்டி வெளியே திறக்கும் ஓட்டை கட்டாயம். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், உள்ளே கொண்டுவரப்பட்ட சிலிண்டரால் தீப்பற்றி 9 பேர் இறந்தார்கள். அந்தப் பெட்டியும் ஓடவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தது. கசிவு என்றால் அழைக்க வேண்டிய எண் 1906.

கிளம்பும்போது

சிலிண்டர் வால்வை மூடிவிட்டு அடுப்புக் கால்களைப் பூஜ்ய நிலைக்குத் திருப்புங்கள். இதற்கென்று வீட்டில் மட்டம் பிடித்த அன்றே ஒவ்வொரு போல்ட்டிலும் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வைத்திருக்க வேண்டும். லாக் நட்டுகளை இறுக்கி, தட்டைப் பட்டையால் கட்டுங்கள், ஸ்டாண்டுகளைக் கழற்றித் துணியில் சுற்றி வையுங்கள். சக்கரக் கட்டைகளை எடுத்து, வந்த வழியே ரிவர்ஸில் மெதுவாக இறக்குங்கள். பலகைகளை எண்ணி ஏற்றுங்கள். மூன்று, இரண்டு, ஒன்று, ஆக ஆறு. ஒன்று குறைந்தால் அது டயருக்குப் பின்னால் மண்ணில் பதிந்து கிடக்கும்.